இடப்பக்கத்து இருக்கை

விமானம் வாங்கப் போகிறவர்களுக்கு விமானத்தைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது மோட்டார். கோயம்புத்தூரில் சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். பஸ்ஸோ காரோ, வாசலுக்கு வரும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரே தகுதியை நம்பி என் தங்கை மரகதம் என்னைக் கப்பலேற்றி ஜொகூருக்கு அனுப்பிவைத்தாள்.

விமானம் அவள் வீட்டுக்காரருக்கு. பெயர் கந்தசாமி, பஞ்சு வியாபாரம். சென்னையில் போய்த் தங்கி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் வாங்கி வந்துவிட்டார். மலாய் நாட்டில் ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. தோட்டத் துரைமார்கள் பொழுதுபோக்குக்கு வைத்திருந்த சின்ன விமானங்களைத் தள்ளிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளைக்கு உறக்கம் போயிற்று. மரகதம் அழவில்லை, சண்டை போடவில்லை. என்னைக் கூப்பிட்டு உத்தரவு போட்டாள்.

“அண்ணா, அவரு கூட நீங்களும் போங்க. எந்த விமானமா இருந்தாலும் நீங்க உள்ள உக்காந்து பறந்து பாருங்க. இதுல ஏறுனா எம்புருசன் உசுரோட எறங்குவாருன்னு உங்களுக்குப் பட்டுதுன்னா தந்தி குடுங்க. படலீன்னா வெறுங்கையோட வந்துருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“நான் உசுரோட எறங்குவனான்னு கேக்க மாட்டியா?” என்றேன்.

“நீங்களும் அதுக்குள்ளதானே இருப்பீங்க” என்றாள். நியாயம்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர்கள் வீட்டில் எனக்கு விருந்து. பக்கத்து இலையில் மரகதத்தின் மகள் வள்ளி. நான்கு வயது. அவளுக்கு எதற்கும் இடது கைதான் முந்தும். அதனால் சாப்பிடும் நேரத்தில் இடது கையில் துணியைச் சுற்றி இடுப்போடு கட்டிவிடுவார்கள். மாப்பிள்ளையின் ஏற்பாடு அது. கட்டுவதும் அவரேதான். குழந்தை வலது கையால் பருப்புச் சோற்றைத் தரைக்கும் தாவாய்க்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, “எங்க வம்சத்துலயே நொட்டாங்கை கெடையாதுங்க. எல்லாம் தாய்மாமன் வீட்டு வாகு” என்றார். என் வீட்டில் எனக்குத் தெரிந்து அப்படி யாரும் கிடையாது. இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். மாப்பிள்ளையும் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்பது ஜொகூரில் கூலாய் என்ற ஊரைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் படுத்தே வந்தேன்.

சிங்கப்பூரிலிருந்து கடலுக்கு நடுவே கல்லைக் கொட்டி ரோடு போட்டிருக்கிறார்கள். அதில் பஸ் ஏறினால் அந்தப் பக்கம் ஜொகூர் பாரு. பஸ்ஸில் எங்கள் முன்னால் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் மாப்பிள்ளை அப்போதே மாட்டிக்கொண்டிருந்த விமானிகளின் தோல் தொப்பியையும் கண்ணாடியையும் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்த நம்மூர்க்காரர் மொழிபெயர்த்தார். “இவர் கடலுக்கு அடியில் போகிறவரா என்று ஒருத்தர் கேட்கிறார். இல்லை, தேன் எடுக்கிறவர் என்று மற்றவர் சொல்கிறார்.” மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜொகூர் பாருவில் எங்களுக்கு வாய்த்தவர் சவரிமுத்து. வாடகைக் கார்க்காரர். அங்கேயே பிறந்து வளர்ந்த வேதக்காரர். கார் முகப்பில் மாதா படம், பின் சீட்டில் ஒரு மூட்டை டுரியான். அந்தப் பழத்தின் வாசனையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பட்டறையில் எலி செத்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன என்பதோடு விட்டுவிடுகிறேன்.

“ரெண்டு விமானம் இருக்குங்க. தெப்ராவுல ஒண்ணு, சிம்பாங் ரெங்கத்துல ஒண்ணு. ரெண்டும் நான் பாத்து வளர்ந்த புள்ளைங்க மாதிரி லா. எது வேணும்னாலும் கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்றார் சவரிமுத்து. ‘லா’ என்பது அந்த ஊர்ப் பேச்சின் வால். விமானத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “கிட்டப் போனா துரையோட நாய் கடிக்கும்ங்க” என்றார்.

அன்று சாப்பாடு ஒரு நம்மூர்க்காரர் கடையில். வாழையிலை போட்டு, சாம்பார் என்று ஒன்றை ஊற்றினார்கள். அதில் தேங்காய்ப்பால் இருந்தது, நெத்திலி இருந்தது. சாம்பார் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னார். அவர் வலது கையால் சோற்றைப் பிசைவதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும். அவ்வளவு ஒழுங்காக யாரும் சாப்பிட மாட்டார்கள்.

மறுநாள் காலை தெப்ராவ். ரப்பர் மரங்களுக்கு நடுவே புல் தரை, அதன் ஓரத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை, அதற்குள் பச்சை நிறத்தில் விமானம். துரை சிவந்த மனிதர். நாய் அவரைவிடச் சிவப்பு. விமானத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார இரண்டு குழிகள். கூரை கிடையாது. ஓட்டுகிறவர் பின் குழியில், கூட வருகிறவர் முன் குழியில். ஏதாவது ஆனால் முதலில் எனக்குத்தான் ஆகும் என்று இதற்கு அர்த்தம்.

மாப்பிள்ளை எனக்கு விளக்கினார். முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் தடியை வலது கையால் பிடிக்க வேண்டும். முன்னால் தள்ளினால் விமானத்தின் மூக்கு இறங்கும், இழுத்தால் ஏறும், பக்கவாட்டில் சாய்த்தால் சாயும். இடப்பக்கச் சுவரில் ஒரு சின்னக் கைப்பிடி. அது இடது கைக்கு. எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுவது. காலடியில் மிதிகட்டை, விமானத்தைத் திருப்ப. முன் குழியிலும் இதே சாமான்கள் இன்னொரு செட் உண்டு. பின்னால் அவர் எதை அசைத்தாலும் முன்னால் என்னுடையதும் கூடவே அசையும். “நீங்க எதையும் தொடாம இருந்தாப் போதுமுங்க மச்சான்” என்றார். தொடுகிற உத்தேசம் எனக்கில்லை. இரண்டு கையாலும் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பறந்தோம். மேலேயிருந்து பார்த்தால் ஜொகூர் முழுவதும் கீரைப் பாத்தி போட்டது போல ரப்பர் மரங்கள். ஆகா, என் தங்கையின் பயம் வீண் பயம் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததும்தான் இறங்க ஆரம்பித்தோம்.

சக்கரம் புல்லைத் தொடப் போகிறது. அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு காட்டுப்பன்றி குடும்பத்தோடு தரையின் குறுக்கே கிளம்பிற்று. நான் கத்தினேன். கத்திக்கொண்டே பார்த்தேன், எனக்கு முன்னாலிருந்த தடி அசையவே இல்லை. ஆணி அடித்தது மாதிரி நின்றது. இடப்பக்கத்துக் கைப்பிடி மட்டும் சடாரென்று முன்னால் பாய்ந்து முட்டி நின்றது. எஞ்சின் வீறிட்டது. பன்றிகள் கீழே போயின, எதிரே மரங்கள் வந்தன, எப்படியோ அவற்றின் தலைக்கு மேலே போய்விட்டோம். ஒரு வட்டம் அடித்து மறுபடி இறங்கியபோது சக்கரத்தில் ஒரு ரப்பர்க் கிளை செருகியிருந்தது.

சவரிமுத்து கை தட்டினார். “அலமாக்! துரைகூட இப்படி ஓட்டமாட்டாரு லா!” துரையும் வந்து மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, இப்படிப்பட்ட சாமர்த்தியத்தைத் தான் பார்த்ததில்லை என்று இங்கிலீஷில் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. நான் ஒரு மரத்தடிக்குப் போய் நேற்றைய நெத்திலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

சிம்பாங் ரெங்கத்துக்குக் கிளம்பினோம். எனக்கு மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மோட்டார் ஓட்டுகிறவன் எதிரே மாடு வந்தால் என்ன செய்வான்? ஸ்டீயரிங்கைத் திருப்புவான். இவர் திருப்பவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பெட்ரோலை விட்டார். இதில் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது?

கூலாயில் ஒரு சீனர் காப்பிக்கடையில் நிறுத்தினோம். காப்பிக்கொட்டையை வெண்ணெய் போட்டுக் கரியாகும்வரை வறுத்து, தகர டப்பாவில் வரும் பாலைக் கட்டியாக விட்டுத் தருகிறார்கள். ருசி பழக இரண்டு மடக்கு ஆகும், அப்புறம் விட முடியாது. சலவைக்கல் மேசை ஈரமாக இருந்தது. சவரிமுத்து கையை ஆட்டி ஏதோ கதை சொன்னதில் மாப்பிள்ளையின் காப்பிக் கோப்பை வழுக்கிக்கொண்டு விளிம்பைத் தாண்டியது. அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பக்கூட இல்லை. இடது கை தானாகப் போய்க் கோப்பையை அந்தரத்தில் பிடித்து மேசைமேல் வைத்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. வைத்த பிறகுதான் அந்தக் கையை அவர் பார்த்தார். உடனே மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

வாசலில் விற்ற ரம்புத்தான் பழம் ஒரு கொத்து வாங்கிக்கொண்டேன்.

கூலாயைத் தாண்டி மேடு ஏறும்போது காரின் தண்ணீர் கொதித்தது. அது கொதிக்கும் என்று நான் காலையிலேயே சொல்லியிருந்தேன். “அது கொதிக்கிறது நல்லதுங்க, உடம்புக்கு வேர்க்கிற மாதிரி” என்று சவரிமுத்து சொல்லியிருந்தார். இப்போது தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடை தேடிப் போனார். நானும் மாப்பிள்ளையும் ரோட்டோரம் உட்கார்ந்தோம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “மாப்பிள்ளே!” என்று கூப்பிட்டு ஒரு ரம்புத்தானை எறிந்தேன். இடது கை பிடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இடது கை. மூன்றாவதை வேண்டுமென்றே வலப்பக்கமாக எறிந்தேன். இடது கை உடம்பைத் தாண்டிப் போய்ப் பிடித்தது. வலது கை மடியில் தேமே என்று கிடந்தது.

“உங்களுக்கும் நொட்டாங்கைதானே?” என்றேன்.

அவர் மடியிலிருந்த பழங்களை அடுக்கினார். “எங்கப்பா சூடு வெச்சு மாத்துனாருங்க மச்சான்” என்றார். இடது புறங்கையில் அவருக்கு ஒரு தழும்பு உண்டு. பஞ்சாலை பாய்லர் பட்டது என்று கல்யாணத்தின்போது எங்களிடம் சொல்லியிருந்தார்கள். “சோறு, எழுத்து, கும்புடறது எல்லாம் மாத்திப்போட்டாங்க. யோசிச்சுச் செஞ்சா சோத்தாங்கை செய்யும். திடுக்குனு ஏதாச்சும் வந்தா இதுதான் முந்துது. சென்னைல எறங்கறப்ப ஒரு மாடு குறுக்க வந்துச்சு. நேத்து மாதிரியே...” என்று ஆரம்பித்து, “காலைல மாதிரியே” என்று திருத்திக்கொண்டார். “தடியைப் புடிச்ச கை மரத்துப்போச்சு. இந்தக் கை எதைப் புடிச்சிருந்துச்சோ அதைத் தள்ளிடுச்சு. எல்லாரும் சாமர்த்தியம்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் உயிர் போயிருக்கும் என்பது ஒருபக்கம், கூடவே என் உயிரும் போயிருக்கும் என்பது இன்னொரு பக்கம். ஆனால் வாயில் முதலில் வந்தது அதுவல்ல.

“உங்கம்மா எங்க வம்சத்தையே இழுத்துப் பேசுனாங்களே, அப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? நாலு வருசமா மரகதம் அந்தப் பேச்சைக் கேட்டுட்டு இருக்கா. நீங்க பக்கத்துல உக்காந்து பாயசம் குடிக்கறீங்க!”

“சொல்லலாம்னு வாயெடுப்பேனுங்க” என்றார். “சொன்னா வள்ளியைப் பார்க்கறவங்கெல்லாம் என்னையும் பார்ப்பாங்க. நான் பட்டது அவ பெரியவளாகிப் படக்கூடாதுன்னுதான் இப்பவே கட்டறேன். சூடு வெக்கலீங்களே, துணிதானே.”

“ஆமா, பெரிய கருணை” என்றேன். சவரிமுத்து தண்ணீரோடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் ரம்புத்தானைத் தின்று தீர்த்தோம். சிம்பாங் ரெங்கம் வரைக்கும் நான் முன் சீட்டில், அவர் பின் சீட்டில் டுரியான் மூட்டையோடு. அது அவருக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ரெங்கத்துத் துரை, நாங்கள் இஷ்டம்போல் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தன் பங்களாவுக்குப் போய்விட்டார். எங்களைக் கவனித்துக்கொள்ள கங்காணி பெரியண்ணனை விட்டுப் போனார். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் மேலாள் அவர்தான். தலைப்பாகை, கோட்டு, காலில் செருப்பில்லை. தூங்கும் குழந்தையைக் காட்டுவது போலக் கொட்டகைக் கதவை மெதுவாகத் திறந்தார்.

வெள்ளி நிறத்தில் நின்றது இந்த விமானம். மேலே கூரை, பக்கத்தில் கதவு, உள்ளே இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்துகொள்ளலாம். கார் மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. ஆளுக்கொரு தடி, ஆளுக்கொரு ஜோடி மிதிகட்டை. பெட்ரோல் கைப்பிடி மட்டும் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் நடுவே பலகையில் இருந்தது.

மாப்பிள்ளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேரே வலப்பக்கத்து இருக்கைக்குப் போனார். அங்கே உட்கார்ந்தால் தடி வலது கைக்கு, பெட்ரோல் இடது கைக்கு. சென்னையில் கற்றது, தெப்ராவில் நான் பார்த்தது. நான் போய்க் கதவை மறித்து நின்றேன்.

“இடப்பக்கம் உக்காருங்க.”

“அங்க உக்காந்தா தடி இந்தக் கைக்கு வருமுங்க. எனக்குப் பழக்கமில்லீங்க மச்சான்.”

“பழகுன கை லட்சணத்தைப் பன்னிகிட்டக் கேட்டுக்கலாம். இடப்பக்கம் உக்காந்து ஓட்டறதுன்னா நானும் ஏர்றேன். இல்லீன்னா இப்பவே மரகதத்துக்குத் தந்தி. ரெண்டும் வேண்டாம்னு.”

அவர் என்னைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று பொழுது சாயும்வரை பறக்காமல், புல் தரையிலேயே மேலும் கீழுமாக ஓட்டிப் பழகினார். முதலில் கோணல் மாணலாகப் போயிற்று. கங்காணியின் ஆட்கள் பால்வெட்டு வேலை முடிந்து வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் இறங்கி வரும்போது மாப்பிள்ளை தன் இடது கை விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டே வந்தார்.

கங்காணிக்கு ஒரே குறை. “நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. பூசை போடாம மேல போகக்கூடாது. எங்க துரையும் கேக்க மாட்டேங்கிறாரு. நீங்களாச்சும் சரின்னு சொல்லுங்க” என்றார். எங்கள் பட்டறையில் புது வண்டிக்குப் பூசை போடாமல் சாவி தருவதில்லை. இதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. போடுங்கள் என்றேன். அவர் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றும் என்னவென்று விசாரித்தார். இறக்கையின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழாயைக் காட்டி, “இது என்னங்க?” என்றார்.

“அதுதானுங்க மூக்கு மாதிரி” என்றார் மாப்பிள்ளை. “காத்து அதுக்குள்ள பூந்துதான் உள்ள இருக்கற முள்ளு நகரும். எவ்வளவு வேகம்னு காட்டும். வேகம் கொறைஞ்சுது தெரியாமப் போச்சுன்னா விமானம் கல்லு மாதிரி விழுந்துரும்.”

“அப்ப அதுதான் முக்கியம்” என்றார் கங்காணி. மாப்பிள்ளையும் ஆமாம் என்றார்.

காலையில் தோட்டமே திரண்டு வந்திருந்தது. இறக்கை, வால், சக்கரம், முன்னால் சுழலும் விசிறி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். விசிறியில் செம்பருத்தி மாலை போட்டிருந்தார்கள், அதை மட்டும் கழற்றச் சொன்னோம். தேங்காய் ஒரே அடியில் இரண்டாக உடைந்தது. சவரிமுத்து ஓரமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்காகத்தான் போட்டதாகச் சொன்னார்.

மாப்பிள்ளை இடப்பக்கம், நான் வலப்பக்கம். “எதையும் தொடாதீங்க” என்றார் வழக்கம்போல. தரையை விட்டுக் கிளம்பும்போது அவர் பார்வை எதிரே இருந்த மரங்களின் மேலேயே இருந்தது. தாண்டி மேலே போன பிறகுதான் பலகையைப் பார்த்தார். வேக முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

விரலால் கண்ணாடியைத் தட்டினார். முள் அசையவில்லை. “நாம இப்ப நின்னுட்டு இருக்கறோமுங்க” என்றார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

விமானம் நின்றால் விழும் என்று நேற்று இவரே சொல்லியிருந்தார். வண்டியில் ஆபத்து என்றால் பதினைந்து வருடமாக என் வலது கால் ஒரே காரியத்தைத்தான் செய்து வந்திருக்கிறது. இப்போதும் செய்தது. பிரேக்கைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக் இல்லை, மிதிகட்டை. விமானத்தின் முகம் வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பி ஒருக்களித்தது. என் பக்கத்து ஜன்னலில் வானம் போய் ரப்பர் மரங்கள் தெரிந்தன. நான் மிதித்த காலை எடுக்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் இன்னும் அழுத்துவதுதான் என் வழக்கம்.

“காலை எடுங்க மச்சான்!” என்று மாப்பிள்ளை வலது கையால் என் தொடையில் ஓங்கி ஒரு அறை விட்டார். பெற்ற தகப்பன்கூட என்னை அப்படி அடித்ததில்லை. காலை எடுத்தேன். எடுத்துவிட்டு அவருடைய இடது கையைப் பார்த்தேன்.

அந்தக் கை பதறவில்லை. தடியை அழுத்திப் பிடிக்கவும் இல்லை. விரல் நுனிகளால், சாய்ந்த விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக்கொண்டிருந்தது. மூக்கு இறங்கினால் லேசாக இழுத்தது, ஏறினால் லேசாக விட்டது. மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்த்து உதடு நடுங்கிற்று. அந்த நடுக்கத்துக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. பொய் சொல்வானேன், பாதி போயிற்று.

அவர் முள்ளை மறந்துவிட்டு, எஞ்சின் சத்தத்தையும் காற்றின் இரைச்சலையும் காது கொடுத்துக் கேட்டபடி வட்டமடித்து இறங்கினார். பன்றி எதுவும் வரவில்லை. சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்றே தெரியவில்லை, புல்லின் சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கிவிட்டோம் என்று தெரிந்தது.

நான் இறங்கி நேரே இறக்கைக் குழாயிடம் போனேன். அதன் வாயில் சந்தனம் விரலால் அழுத்தி அடைத்து, காய்ந்து சிமெண்டாகியிருந்தது. மேலே குங்குமம். மற்ற இடங்களில் ஒரு பொட்டுத்தான், இதற்கு மட்டும் தாராளம். கங்காணி தட்டோடு ஓடி வந்தார்.

“மூக்குக்கு நானே என் கையால நல்லா வெச்சேன். சரியா இருந்துச்சுங்களா?”

எனக்கு நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகள் வந்து நின்றன. மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “நல்லா இருந்துச்சுங்க கங்காணி. அடுத்த தடவை மூக்குக்கு மேல வெச்சாப் போதும். ஓட்டைக்குள்ள வேண்டாம்” என்று சொல்லி, ஒரு தென்னை ஈர்க்கு வாங்கிக் குழாயைத் துப்புரவு பண்ணினார். இடது கையால்தான்.

அதே கையைத் திருநீற்றுக்கும் நீட்டினார். நினைத்து நீட்டினாரா, தானாக நீண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. கங்காணி தட்டோடு நின்றார். “ஐயா, சோத்தாங்கைய நீட்டுங்க” என்றார் மெதுவாக. மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை. காது மடல் சிவந்துவிட்டது, ஆனாலும் எடுக்கவில்லை.

“கங்காணி, எங்க ரெண்டு பேரையும் உசுரோட எறக்குனது அந்தக் கைதான்” என்றேன்.

கங்காணி யோசித்தார். இடது கையில் திருநீறு போட அவருக்கு மனசு வரவில்லை, போடாமல் விடவும் மனசு வரவில்லை. கடைசியில் தானே ஒரு சிட்டிகை எடுத்து மாப்பிள்ளையின் நெற்றியில் பூசிவிட்டார். பூசிவிட்டு, அந்த இடது கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருநீறு விழுந்துவிட்டது என்றார். எனக்கும் விழுந்திருந்தது.

ரெங்கத்தில் தபாலாபீசுக்குப் போனோம். மரகதத்துக்குத் தந்தி கொடுக்க வேண்டியது நான். மாப்பிள்ளை, “நான் குடுக்கறேனுங்க” என்று காகிதத்தை வாங்கிக்கொண்டார். இங்கிலீஷில் ஒரே வரி எழுதி நீட்டினார். குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

“‘வள்ளியின் கட்டை அவிழ்த்துவிடு. கை என்னுடையது.’ இதுதானோ செய்தி? ஆரைக் கட்டி வச்சிருக்கிறியள்? இதைப் பொலிசுக்குச் சொல்ல வேணுமோ?”

மகள் என்றேன். விளையாட்டு என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் அனுப்பிவிட்டார். வெளியே வந்த பிறகுதான், விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க எனக்கும் மனசில்லை.

பதில் மறுநாள் வந்தது. அதையும் அதே குமாஸ்தாதான் கொடுத்தார். இந்த முறை சற்றுச் சிநேகமாகவே கொடுத்தார். மரகதம் இங்கிலீஷ் படித்தவளில்லை, யாரிடமோ சொல்லி எழுதியிருக்கிறாள். ஆனால் குரல் அவளுடையதுதான்.

“நீங்கள் கப்பல் ஏறிய அன்றே அவிழ்த்துவிட்டேன். யார் கை என்று கல்யாணமான வாரமே தெரியும். எந்த விமானம்?”

மாப்பிள்ளை அதை நின்றபடியே வாசித்தார். பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு முறை வாசித்தார். பிறகு எழுந்துபோய்த் தந்திக் காகிதம் ஒன்று கேட்டு வாங்கி, பேனாவை இடது கையில் எடுத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அந்தக் கையால் அவரை யாரும் ஒரு எழுத்து எழுத விட்டதில்லை. நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, மேசையோடு தலையைச் சாய்த்து, வெகுநேரம் எழுதினார். நானும் சவரிமுத்தும் காத்திருந்தோம். காகிதத்தைக் குமாஸ்தா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“ஐயா, இது குழந்தை எழுத்தாயெல்லோ கிடக்கு. என்ன எழுதியிருக்கெண்டு நீங்களே சொல்லுங்கோ.”

நான் வாங்கி, அவருக்கு வாசித்துக் காட்டினேன். “வெள்ளி விமானம். எனக்கு இடப்பக்கத்து இருக்கை. வலப்பக்கம் உனக்கு.”

“வலப்பக்கத்துல உக்காறவங்க காலைத் தூக்கி மேல வெச்சுக்கணும்னு அதுல சேத்துக்கங்க” என்றார் மாப்பிள்ளை. குமாஸ்தா அதையும் சேர்த்துக்கொண்டார்.